ரான்சம்வேர் தாக்குதல்: கும்பலுக்குப் பின்னால் அரசு எங்கே நிற்கிறது?

ஒரு மருத்துவமனையின் கணினிகள் முடங்குகின்றன. முதல் நாள் செய்தி "ரஷ்ய ஹேக்கர்கள்" என்கிறது. மறுநாள் ஓர் அதிகாரி, இது குற்றக் கும்பலின் வேலை, எந்த அரசுக்கும் தொடர்பிருப்பதாகத் தெரியவில்லை என்கிறார். மூன்றாம் நாள் அந்தக் கும்பலே "எங்களுக்கு அரசியல் கிடையாது, பணம் மட்டும்தான் குறி" என்று அறிக்கை விடுகிறது. சில மாதங்களோ வருடங்களோ கழித்து வெளியாகும் குற்றப்பத்திரிகையில் உளவுத்துறையின் பெயர் வருகிறது.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம், "அரசா, கும்பலா?" என்று இரண்டில் ஒன்றைக் கேட்டுப் பழகியிருப்பதுதான். அரசு நேரடியாகச் செய்த தாக்குதலும் உண்டு, அரசுக்குச் சம்பந்தமே இல்லாத தாக்குதலும் உண்டு. ஆனால் இவை இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பகுதிதான் பெரியது. அங்கே அரசு கட்டளை இடுவதில்லை, தடுப்பதும் இல்லை. அந்த நடுப்பகுதி புரிந்தால் செய்திகள் ஓரளவு தெளிவாகிவிடும்.

முதலில் அடிப்படை

ரான்சம்வேர் என்பது கணினியில் இருக்கும் கோப்புகளைச் சங்கேதக் குறியாக மாற்றிப் பூட்டிவிடும் நிரல். திறக்கும் சாவி தாக்கியவரிடம் இருக்கும். சாவி வேண்டுமென்றால் பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயத்தில் பணம் கொடு என்று திரையில் ஒரு மிரட்டல் குறிப்பு வரும். 2019-க்குப் பிறகு இன்னொரு வழக்கமும் சேர்ந்துகொண்டது. பூட்டுவதற்கு முன்பே தரவைத் திருடிவிடுகிறார்கள். பணம் தராவிட்டால் அதை இணையத்தில் வெளியிடுவோம் என்பது இரண்டாவது மிரட்டல். பேக்கப் வைத்திருந்தாலும் தப்பிக்க முடியாதபடி செய்வதுதான் இதன் நோக்கம்.

இந்தத் தொழிலை இன்று ஒரே ஆள் செய்வதில்லை. நிரலை எழுதுகிறவர் ஒருவர். அதை வாடகைக்கு எடுத்துத் தாக்குகிற கூட்டாளி வேறொருவர். ஒரு நிறுவனத்துக்குள் நுழையும் வழியை, அதாவது திருடிய கடவுச்சொல்லையோ திறந்து கிடக்கும் ஓட்டையையோ, கண்டுபிடித்து விற்கிறவர் மூன்றாமவர். பணத்தை வெளுத்துத் தருகிறவர் நான்காமவர். கிடைத்ததைப் பங்கு பிரித்துக்கொள்கிறார்கள்.

அரசியலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், வேலை இப்படித் துண்டு துண்டாக விற்கப்படுவதால் ஓர் உளவுத்துறை எந்தத் துண்டில் வேண்டுமானாலும் நுழைந்துகொள்ளலாம். நுழையும் வழியை வாங்கலாம், விற்கலாம். நிரலை இரவல் வாங்கி, கொள்ளை போலத் தோன்றும் அழிவை நடத்தலாம். கும்பல் திருடி வைத்திருக்கும் தரவை மட்டும் எட்டிப் பார்க்கலாம். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எல்லாமே ஒரே மாதிரித் தெரியும்.

2017: ஆறு வார இடைவெளியில் இரண்டு பாடங்கள்

2017 மே 12 அன்று வானாக்ரை என்ற ரான்சம்வேர் சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைத் தாக்கியது. பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சேவையில் இங்கிலாந்தின் மருத்துவமனைகளையும் மருத்துவச் சேவைகளையும் நடத்தும் 236 அமைப்புகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. சுமார் 19,000 மருத்துவச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்று அந்தச் சேவையே மதிப்பிட்டது. கேட்ட தொகையோ ஒரு கணினிக்கு 300 டாலர்தான்.

இந்த ஒரே சம்பவத்தில் இரண்டு அரசுகள் இருக்கின்றன. வானாக்ரை பரவப் பயன்பட்ட எடர்னல்ப்ளூ என்ற கருவி அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை தனக்காக வைத்திருந்தது. விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையைப் பயன்படுத்தும் அந்தக் கருவியை, ஷேடோ புரோக்கர்ஸ் என்ற அடையாளம் தெரியாத குழு 2017 ஏப்ரலில் இணையத்தில் வெளியிட்டது. மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே திருத்தம் கொடுத்திருந்தும், பல கணினிகளில் அந்த அப்டேட் போடப்படவில்லை. வெளியான கருவியை எடுத்துத் தாக்கியது வட கொரியா என்று அமெரிக்கா 2017 டிசம்பரில் அறிவித்தது. ஓர் அரசு ஒளித்து வைத்திருந்த ஆயுதம் இன்னோர் அரசின் கைக்குப் போய், நடுவில் நோயாளிகள் மாட்டிக்கொண்டார்கள். இதில் முதல் அரசின் பொறுப்பைப் பற்றிப் போதுமான அளவு பேசப்படவில்லை என்பது என் கருத்து.

அப்புறம் ஜூன் 27. நாட்பெட்யா வந்தது. உக்ரைனில் வரிக் கணக்குத் தாக்கல் செய்ய நிறுவனங்கள் பரவலாகப் பயன்படுத்திய எம்.இ.டாக் என்ற மென்பொருளின் அப்டேட் வழியாகவே அது உள்ளே புகுந்தது. மறுநாள் உக்ரைனின் அரசியலமைப்பு தினம். திரையில் வழக்கமான மிரட்டல் குறிப்புதான் வந்தது, 300 டாலர் கேட்டது. ஆனால் ஆய்வாளர்கள் நிரலைப் பிரித்துப் பார்த்தபோது அதிர்ந்துபோனார்கள். ஒவ்வொரு கணினிக்கும் அது காட்டிய அடையாள எண் வெறும் தற்செயல் எழுத்துகள். அந்த எண்ணை வைத்து எந்தச் சாவியையும் தயாரிக்க முடியாது. பணம் கொடுத்தாலும் தரவு திரும்பாது. திருப்பித் தரும் எண்ணமே இல்லாமல் எழுதப்பட்ட நிரல் அது. இப்படித் தரவை அழிப்பதற்காகவே எழுதப்படும் நிரலை வைப்பர் என்கிறார்கள்; நாட்பெட்யா ரான்சம்வேர் வேடம் போட்டு வந்த வைப்பர்.

கணினிகள் முடங்கியதால் செர்னோபில் அணு உலை வளாகத்தில் கதிர்வீச்சை ஆட்கள் கையால் அளக்க வேண்டியதாயிற்று. உக்ரைனோடு அது நிற்கவும் இல்லை. அங்கே கிளை வைத்திருந்த பன்னாட்டு நிறுவனங்களின் வலைப்பின்னல் வழியாக உலகம் முழுக்கப் பரவியது. கப்பல் நிறுவனமான மேர்ஸ்க் பத்து நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது. ரஷ்யாவின் சொந்த எண்ணெய் நிறுவனமான ரோஸ்னெஃப்ட்டும் தாக்குதலுக்கு ஆளானது. மொத்த இழப்பு 1,000 கோடி டாலருக்கு மேல் என்பது அமெரிக்க அரசின் மதிப்பீடு. 2018 பிப்ரவரியில் பிரிட்டனும் அமெரிக்காவும் ரஷ்ய ராணுவத்தைக் குற்றம்சாட்டின. 2020 அக்டோபரில் ரஷ்ய ராணுவ உளவுத்துறையான ஜி.ஆர்.யூ.வின் ஆறு அதிகாரிகள் மீது அமெரிக்கா குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. ரஷ்யா மறுக்கிறது.

இவற்றிலிருந்து தெரிவது: மிரட்டல் குறிப்பு இருப்பதாலேயே அது பணத்துக்கான தாக்குதல் ஆகிவிடாது. 2022 ஜனவரியில், படையெடுப்புக்குச் சில வாரங்கள் முன், உக்ரைன் அரசுக் கணினிகளைத் தாக்கிய விஸ்பர்கேட்டும் இதே வேடத்தில்தான் வந்தது.

அரசோடு இருக்கும் தொடர்பின் படிகள்

செய்தியில் "அரசுத் தொடர்பு" என்று வரும்போது கீழே உள்ளவற்றில் எதைச் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

1. அரசே செய்வது. நாட்பெட்யா இந்த வகை. வட கொரியாவின் தாக்குதல்களும் இங்கேதான் வரும், ஆனால் நோக்கம் வேறு. அணு ஆயுதத் திட்டத்தால் கடுமையான பொருளாதாரத் தடைகளில் இருக்கும் அந்த அரசுக்கு அந்நியச் செலாவணி வேண்டும். 2024 ஜூலையில் அமெரிக்கா ஒரு வட கொரியர் மீது தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை இதன் சுழற்சியைக் காட்டுகிறது. அந்நாட்டு ராணுவ உளவு அமைப்பைச் சேர்ந்த அண்டாரியல் குழு அமெரிக்க மருத்துவமனைகளைப் பூட்டிப் பணம் வாங்கியது. அந்தப் பணத்தில் சர்வர்களை வாடகைக்கு எடுத்தது. அந்த சர்வர்களிலிருந்து பாதுகாப்புத் துறை நிறுவனங்களை உளவு பார்த்தது. மருத்துவமனை கொடுத்த பணம் உளவுக்கு முதலீடாகிறது.

2. அரசுக்கு வேலை செய்கிறவர்கள் தங்கள் பைக்கும் சம்பாதிப்பது. 2024 ஆகஸ்டில் எஃப்.பி.ஐ.யும் அமெரிக்க சைபர் பாதுகாப்பு முகமையும் வெளியிட்ட எச்சரிக்கை ஓர் ஈரானியக் குழுவைப் பற்றியது. அக்குழு ஈரான் அரசுக்காக உளவு பார்க்கிறது. அதோடு நிறுவனங்களுக்குள் நுழையும் வழிகளை ரான்சம்வேர் கும்பல்களுக்குக் கொடுத்து, வசூலில் ஒரு பங்கும் வாங்கிக்கொள்கிறது. இந்த இரண்டாவது வேலைக்கு ஈரான் அரசின் ஒப்புதல் இருந்திருக்காது என்பதே அந்த எச்சரிக்கையின் கணிப்பு. தங்கள் கிரிப்டோ பணத்தை அரசு கண்காணிக்குமோ என்று அவர்களே பயந்திருக்கிறார்கள். ஆகவே "ஈரானியக் குழு" என்பதும் "ஈரான் அரசின் உத்தரவு" என்பதும் வேறு வேறு.

3. அரசு கும்பலிடம் வேலை வாங்குவது. ஈவில் கார்ப் கும்பலின் தலைவர் மக்சிம் யாகுபெட்ஸ் மீது 2019 டிசம்பரில் அமெரிக்கா பொருளாதாரத் தடை விதித்தபோது, 2017-லேயே அவர் ரஷ்ய உள்நாட்டு உளவுத்துறையான எஃப்.எஸ்.பி.க்கு வேலை செய்துகொண்டிருந்தார் என்றது. அவருடைய மாமனார் முன்னாள் எஃப்.எஸ்.பி. உயர் அதிகாரி. நேட்டோ நாடுகளுக்கு எதிராக உளவுத்துறை இந்தக் கும்பலுக்குப் பணிகள் கொடுத்தது என்று 2024 அக்டோபரில் பிரிட்டனின் தேசியக் குற்றவியல் முகமை சொன்னது. இது புதிதும் அல்ல. கிரிப்டோலாக்கர் என்ற ஆரம்பகால ரான்சம்வேரோடு தொடர்புடைய ஒரு வங்கிக் கொள்ளை வலைப்பின்னலின் கணினிகளில், ஜார்ஜியா, துருக்கி, உக்ரைன் அரசுகளின் ரகசிய ஆவணங்களைத் தேடிய தடயங்கள் இருந்ததை ஃபாக்ஸ்-ஐ.டி. என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2015-ல் காட்டினார்கள். வங்கிக் கொள்ளைக்காரருக்கு அந்த ஆவணங்களால் என்ன பயன்?

4. அரசு கண்டுகொள்ளாமல் விடுவது. இதைத் தனியாகப் பார்ப்போம்.

5. தொடர்பே இல்லாதது. எந்த நாட்டிலும் இருக்கக்கூடிய சாதாரணக் குற்றவாளிகள். இவர்களைப் போலீஸ் பிடிக்கிறது, தண்டனையும் கிடைக்கிறது.

உளவுக்குத் திரையாக ரான்சம்வேரைப் பயன்படுத்தும் இன்னொரு வழியும் உண்டு. தகவலைத் திருடி முடித்த பிறகு கணினிகளைப் பூட்டிவிட்டால் தடயங்கள் அழியும். விசாரிப்பவர்களும் திருட்டு வழக்காக நினைத்து நிறுத்திக்கொள்வார்கள். 2022-ல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையிலும் பிரேசில் அதிபர் அலுவலகத்திலும் நடந்த தாக்குதல்களை, சீனாவோடு தொடர்புடையதாகக் கருதப்படும் சாமெல்கேங் குழுவின் வேலை என்று சென்டினல்ஒன் நிறுவனம் 2024 ஜூனில் வெளியிட்ட அறிக்கை சொன்னது. இது ஒரு தனியார் நிறுவனத்தின் முடிவு. நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்டதல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

புகலிடம் கொடுப்பதும் அரசியல்தான்

நான்காவது படிதான் எண்ணிக்கையில் அதிகப் பாதிப்புக்குக் காரணம் என்று நினைக்கிறேன். பல ரான்சம்வேர் நிரல்கள் ஒரு கணினியில் நுழைந்தவுடன் முதலில் அதன் மொழி அமைப்பைச் சோதிக்கும். ரஷ்யன், பெலாரசியன், ஆர்மீனியன் போன்ற முன்னாள் சோவியத் நாட்டு மொழி ஏதாவது இருந்தால் ஒன்றும் செய்யாமல் வெளியேறிவிடும். உள்நாட்டில் யாரையும் தொடாதவரை உள்ளூர் போலீஸ் நம்மைத் தொடாது என்ற எழுதப்படாத ஒப்பந்தம் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது.

சட்டமும் துணை நிற்கிறது. ரஷ்ய அரசியலமைப்பின் 61-வது பிரிவு, தன் குடிமகனை வேறு நாட்டிடம் ஒப்படைக்கக் கூடாது என்கிறது. இப்படிப்பட்ட விதி வேறு நாடுகளிலும் உண்டு, அதில் தவறில்லை. ஒப்படைக்காத நாடு தானே விசாரித்துத் தண்டிக்க வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

2021 மே 7 அன்று டார்க்சைட் கும்பலின் தாக்குதலால் அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு எரிபொருள் கொண்டுபோகும் கொலோனியல் குழாய்ப்பாதை நின்றது. நிறுவனம் 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர், கொடுத்தது. அதில் 63.7 பிட்காயினை அமெரிக்க நீதித்துறை பின்னர் மீட்டது. ரஷ்ய அரசு இதில் ஈடுபட்டதற்கு ஆதாரமில்லை, ஆனாலும் அவர்களுக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது என்றார் அதிபர் பைடன். அந்த இரண்டு வாக்கியமும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். நான்காவது படி என்பது அதுதான்.

ஜூன் 16 அன்று ஜெனீவாவில் பைடன் புதினைச் சந்தித்து, தாக்கவே கூடாத 16 முக்கியத் துறைகளின் பட்டியலைக் கொடுத்தார். இரண்டே வாரத்தில், ஜூலை 2 அன்று, ஆர்ஈவில் கும்பல், கணினிகளைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கப் பயன்படும் கசேயா மென்பொருள் வழியாக உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களைத் தாக்கி 7 கோடி டாலர் கேட்டது. அழுத்தம் கூடியது. 2022 ஜனவரி 14 அன்று, அமெரிக்கா கேட்டுக்கொண்டதன் பேரில் என்று சொல்லி, ஆர்ஈவில்லைச் சேர்ந்த 14 பேர் மீது எஃப்.எஸ்.பி. நடவடிக்கை எடுத்தது. கதவை உடைத்து நுழையும் காணொளிகளும், கட்டுக் கட்டாகப் பணமும் வெளியாயின.

அதாவது, முடியாது என்று இவ்வளவு நாள் இருந்தது விரும்பியபோது முடிந்தது. அப்போது உக்ரைன் எல்லையில் படைகள் குவிந்திருந்தன. ஆறு வாரத்தில் போர் தொடங்கியது, அந்த ஒத்துழைப்பும் நின்றுபோனது. வழக்கின் மையக் குற்றச்சாட்டு திருட்டு வங்கி அட்டைகளைப் பற்றியதாகச் சுருங்கியது. 2025 ஜூனில் நான்கு பேருக்கு ஐந்தாண்டு தண்டனை விதித்த நீதிமன்றம், ஏற்கெனவே காவலில் இருந்த காலத்தைக் கணக்கிட்டு அவர்களை விடுவித்தது. கைது செய்வதும் செய்யாமல் விடுவதும் பேரம் பேசும் சீட்டாக மாறும்போது, கும்பல் அரசின் ஊழியராக இல்லாவிட்டாலும் அரசின் கையிருப்பு ஆகிவிடுகிறது.

அரசியல் ஒரு கும்பலை உடைத்த கதை

கும்பல்கள் ஏன் "எங்களுக்கு அரசியல் இல்லை" என்று திரும்பத் திரும்பச் சொல்கின்றன? கான்டி கும்பலுக்கு நடந்ததைப் பார்த்தால் புரியும்.

2022 பிப்ரவரி 25, படையெடுப்பின் மறுநாள், கான்டி தன் தளத்தில் ரஷ்ய அரசுக்கு முழு ஆதரவு என்று அறிவித்தது. சில மணி நேரத்தில், எந்த அரசோடும் கூட்டில்லை என்று வாசகத்தைத் தணித்தது. தாமதமாகிவிட்டது. உக்ரைனுக்கு ஆதரவான ஒருவர் கும்பலின் உள் உரையாடல்களில் 60,000-க்கும் மேற்பட்ட செய்திகளை வெளியே கொட்டினார். சம்பளம், வேலை நேரம், ஆள் எடுப்பு என்று ஒரு சாதாரண அலுவலகம் போலவே இருந்தது. அதற்குள்ளே, ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் நவால்னி தொடர்பான கோப்புகளுக்காகப் புலனாய்வுக் குழுவான பெல்லிங்கேட்டோடு தொடர்புடைய ஒருவரைக் குறிவைப்பது பற்றிய பேச்சும் இருந்தது. எஃப்.எஸ்.பி.யின் பெயர் அங்கே வந்தது. கும்பலில் எல்லோரும் உளவாளிகள் என்று இது நிரூபிக்கவில்லை. மேல்மட்டத்தில் சிலருக்கு வழி இருந்தது என்று காட்டியது.

ஏப்ரலில் அதே கும்பல் கோஸ்டா ரிகாவின் நிதி அமைச்சகத்தைத் தாக்கியது. வரி, சுங்க அமைப்புகள் முடங்கின. ஒரு கோடி டாலர் கேட்டார்கள், பின்பு இரண்டு கோடி. மே 8 அன்று பதவியேற்ற அதிபர் ரோட்ரிகோ சாவேஸ் தேசிய அவசரநிலை அறிவித்தார். அரசைக் கவிழ்ப்போம் என்றுகூடக் கும்பல் மிரட்டியது. அப்படிப் பேசியதற்காக இதை ரஷ்ய அரசின் திட்டம் என்று சொல்லிவிட முடியாது. அதற்கு ஆதாரம் வெளிவரவில்லை. அரசியல் மொழியைக் கும்பலும் பணம் பறிக்கும் நெருக்கடியாகப் பயன்படுத்தும். அந்த மாதமே கான்டி என்ற பெயர் கலைந்தது, ஆட்கள் வேறு கும்பல்களுக்குப் போனார்கள்.

யார் செய்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்?

நிரலில் மீண்டும் மீண்டும் வரும் பகுதிகள், பயன்படுத்திய சர்வர்கள், வேலை செய்த நேரங்கள், பிட்காயின் போன வழி, இவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கிறார்கள். இவற்றில் பலவற்றைப் போலியாக வைக்க முடியும். 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கின் தொடக்க விழாவன்று கணினிகளைத் தாக்கிய நிரலில் வட கொரியக் குழுவின் சாயல் வேண்டுமென்றே பதிக்கப்பட்டிருந்தது. செய்தது ஜி.ஆர்.யூ. என்கிறது அமெரிக்கக் குற்றப்பத்திரிகை. அதனால்தான் பொறுப்பான ஆய்வாளர்கள் ஒரே தடயத்தை வைத்து நாட்டின் பெயரைச் சொல்வதில்லை. உறுதியான முடிவுக்குப் பெரும்பாலும் உளவுத் தகவல் தேவைப்படுகிறது. அதை அரசுகள் முழுதாக வெளியிடுவதில்லை. குற்றம்சாட்டுவதும் ஓர் அரசியல் முடிவுதான், எப்போது சொல்வது, யார் பெயரைச் சொல்வது என்பதையும் அரசுகளே தீர்மானிக்கின்றன.

பெயர் தெரிவதால் பாதிக்கப்பட்டவருக்கு என்ன ஆகிறது?

1. பணம் கொடுப்பதே குற்றமாகலாம். அமெரிக்காவின் பொருளாதாரத் தடைப்பட்டியலில் உள்ளவருக்குப் பணம் போனால், தெரியாமல் கொடுத்திருந்தாலும் அபராதம் விதிக்க முடியும் என்று அமெரிக்க நிதித்துறை 2020 அக்டோபரிலும் 2021 செப்டம்பரிலும் எச்சரித்தது. தடைக்குப் பிறகு ஈவில் கார்ப் தன் ரான்சம்வேரின் பெயரை மாற்றிக்கொண்டே இருந்ததும், மற்றவர்களின் ரான்சம்வேரைப் பயன்படுத்தியதும் இதனால்தான். யாரென்று தெரிந்தால் வாடிக்கையாகப் பணம் தருகிறவர்கள்கூடத் தரமாட்டார்கள்.

2. காப்பீடு மறுக்கப்படலாம். நாட்பெட்யாவால் பாதிக்கப்பட்ட மெர்க் மருந்து நிறுவனம் 140 கோடி டாலர் இழப்பீடு கேட்டபோது, இது போர்ச் செயல், பாலிசியில் சேராது என்றன காப்பீட்டு நிறுவனங்கள். போர் என்று பாலிசியில் சொல்லப்படுவது ஆயுதப் போரைத்தான் என்று நியூ ஜெர்சி நீதிமன்றங்கள் மெர்க் பக்கம் நின்றன. மேல்முறையீட்டுத் தீர்ப்பு 2023 மே மாதம் வந்தது, 2024 ஜனவரியில் வழக்கு சமரசமானது. இதற்கிடையே லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தை, அரசு ஆதரவுள்ள பெரும் சைபர் தாக்குதல்களை விலக்கும் வாசகத்தைப் பாலிசிகளில் சேர்க்கும்படி 2023 மார்ச் 31 முதல் விதி செய்தது. "அரசின் வேலை" என்ற ஒரு சொல்லின் விலை இப்போது கோடிகளில்.

3. ராஜதந்திர விளைவு வரும். 2022 ஜூலையில் அல்பேனிய அரசுத் தளங்களை முடக்கிய ரான்சம்வேர், வைப்பர் தாக்குதலுக்கு ஈரானைக் குற்றம்சாட்டி, செப்டம்பரில் அல்பேனியா தூதரக உறவையே முறித்தது.

இந்த விளைவுகள் எல்லாம் யார் செய்தது என்ற பதிலைச் சார்ந்தவை. ஆனால் பதில் மெதுவாக வருகிறது. வானாக்ரைக்கு ஏழு மாதம், நாட்பெட்யாவுக்கு ஏறக்குறைய எட்டு மாதம் ஆயிற்று. மருத்துவமனை நிர்வாகிக்கு இருப்பதோ மிரட்டல் குறிப்பில் ஓடும் கடிகாரம் மட்டும், அதிகம் போனால் சில நாள். அதற்குள் அவர் பணம் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும், எதிரில் இருப்பது கும்பலா ராணுவமா என்று தெரியாமலே. சட்டம் இன்று அவருக்குக் கொடுக்கும் வழி ஒன்றுதான். தாக்குதலை உடனடியாகவும் முழுமையாகவும் காவல் அமைப்புகளிடம் சொல்லியிருந்தால், பின்னர் பணம் தடைப்பட்டியலில் உள்ளவருக்குப் போனது தெரியவந்தாலும் அதைப் பெரிய சலுகைக் காரணமாக எடுத்துக்கொள்வோம் என்கிறது அதே அமெரிக்க நிதித்துறை எச்சரிக்கை.